குளிக்காமல் வரச் சொன்ன நாள்

எங்கள் பிசியோதெரபி கல்லூரியின் பழைய மாணவர் மலரில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. அதற்கு இந்த வருடம் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். கேட்டவள் திவ்யா. மரக்காணத்தில் நான் விட்டுவந்த இடத்தில் இப்போது வேலை பார்ப்பவள்.

"ஓய்வா? காலையிலேர்ந்து இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கலடி" என்றேன்.

"வேலைய விட்டவங்க எல்லாரும் அந்தப் பக்கத்துலதான்க்கா வர்றாங்க. வேற எடம் இல்ல" என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி வேறொன்றைக் கேட்டாள். கிளினிக்கில் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். கண்ணாடி மாதிரி கண்ணில் மாட்டிவிட்டால் கருவிழி அசைவதைக் கணினித் திரையில் காட்டும். காதினால் வரும் தலைசுற்றலா என்று அதில் தெரிந்துவிடும். "ஒரு அம்மாவுக்கு அதுல எல்லாமே நார்மல்னு வருதுக்கா. கழுத்தைத் தொட்டுப் பார்த்தாலும் ஒண்ணும் இல்ல. ஆனா வீட்டுக்குப் போனா தலை சுத்துதுன்னு அழுவுறாங்க. நீங்க இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

பதில் சொல்வதற்குள் சின்னவன் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். போனை வைத்துவிட்டேன். அன்று சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சரியாகத்தான் எழுதுகிறேனா என்று தெரியவில்லை, முதல் பக்கத்தையே இரண்டு முறை அழித்தாகிவிட்டது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரி முடிந்தது, கல்யாணம் ஆனது, இனியா பிறந்தாள். அவளுக்குப் பால் மறக்கடித்த பிறகு சென்னையில் சில வாரக் கடைசிகளில் உலர் ஊசிப் பயிற்சிக்குப் போய் வந்தேன். அந்த ஊசியில் மருந்து எதுவும் இருக்காது. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான, உள்ளே துளை இல்லாத கம்பி. இறுகிக் கட்டிப்போன தசையில் அதைச் சரியான இடத்தில் இறக்கினால் தசை ஒரு முறை துள்ளும். பிறகு தளரும். துள்ளும்போது நோயாளி "இதுதான் என் வலி" என்று அடையாளம் சொன்னால், வலி எங்கிருந்து புறப்படுகிறது என்பதும் நமக்குத் தெரிந்துவிடும். ஒரே ஊசி நோயையும் காட்டும், வைத்தியமும் பார்க்கும்.

மரக்காணத்தில் நான் சேர்ந்தது ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. பின்பக்கம் இரண்டு அறைகள் எங்களுடையவை. ஜன்னலைத் திறந்தால் உப்புக் காற்று நேராக உள்ளே வந்து எல்லா இரும்பையும் தின்னும். பொம்மையார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்த பிசியோதெரபிஸ்ட் ரஹீம் சார். பெரியவர் என்று சொன்னாலும் அவருக்கு என்னைவிட நான்கைந்து வயதுதான் கூடுதல். கூனிமேட்டுக்காரர். மெலிந்த உருவம், எப்போதும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. ஊசி போடும்போது மட்டும் கைகளை முழங்கைவரை ஒரே அளவில் மடித்துவிடுவார். ஒரு கையில் மடிப்பு கூடிவிட்டால் அவிழ்த்துத் திரும்ப மடிப்பார். நோயாளி பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். தலைசுற்றல் என்று வருபவரிடம் "தலை சுத்துதா?" என்று கேட்கவே மாட்டார். "கேட்டா ஆமாம்னுதான் சொல்லுவாங்க. கேட்டவன் மூஞ்சிக்காக சொல்லுவாங்க" என்பார். "என்ன ஆவுதுன்னு கையால காட்டுங்க" என்பதுதான் அவர் கேள்வி. சிலர் விரலை வட்டமாகச் சுழற்றுவார்கள். அது பெரும்பாலும் காது. சிலர் உள்ளங்கையைப் படகு மாதிரி ஆட்டுவார்கள். சிலர் கையை மெல்லக் கீழே இறக்குவார்கள். அவர்களுக்கு முதலில் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்ப்பார்.

ஊசி உறையை நோயாளியின் கண் முன்னால்தான் பிரிப்பார். ஒரு முறை தோணிக்காரர் ஒருவர் கேட்டார்: "மருந்தே இல்லன்னா எதுக்கு சார் குத்துறீங்க?"

"சுளுக்கு வழிக்கிறவரு உள்ள மருந்தா வெக்கிறாரு?"

"அவரு குத்த மாட்டாரே."

"அதனாலதான் நீங்க இங்க வந்திருக்கீங்க" என்றார் சார். அவருக்கு ஊசி போடவும் இல்லை. கடலில் இருக்கும்போது நன்றாக இருக்கிறது, கரையில் இறங்கினால்தான் ஆடுகிறது என்றார் அந்த மனிதர். நாலைந்து நாள் கடலில் தங்கி வருபவருக்குத் தரை ஆடத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "வூட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க சார், ஒரு ஊசியாவது போட்டு வுடுங்க" என்று அவர் வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.

இன்னொரு நாள் கழுத்து வலியும் தலைசுற்றலுமாக ஒருவர் வந்தார். பேச்சு லேசாகக் குழறியது. சார் மடித்த கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். ஒரு விரல்கூட வைக்காமல், நிமிடத்தில் வண்டி சொல்லிப் புதுச்சேரிக்கு அனுப்பினார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கழுத்து வழியாகப் போகிறது. அதில் சிக்கல் இருக்கிறவரின் கழுத்தைத் தொடக்கூடாது. அந்த மனிதர் பிழைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து நான் ஒவ்வொரு கழுத்தையும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சார் எனக்கு "ஒன்ஸ்மோர் மேடம்" என்று பெயர் வைத்துவிட்டார். கோபமாக இருக்கும்போது வெறும் "ஒன்ஸ்மோர்".

மல்லிகா வந்தது அந்தச் சமயத்தில்தான்.

உப்பளத்தில் கூடை தூக்குகிறவர். பாத்தியில் வாரிக் குவித்த ஈர உப்பைக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றிவிடுவார்கள். குறுகலான வரப்பு மேல் வரிசையாக நடந்து கொண்டுபோய் மேட்டில் உள்ள அம்பாரத்தில் கொட்ட வேண்டும். பல வருடங்களாக அந்த வரிசையில் முதல் ஆள் மல்லிகாதான். பின்னால் வருகிற பெண்கள் எல்லாரும் அவர் நடைக்குத்தான் நடப்பார்கள். ஒரு நாள் வரப்பில் தலை கிறுகிறுத்துக் கூடையோடு பாத்தியில் விழுந்தார். அடி படவில்லை. ஆனால் மேஸ்திரி கூடையைத் தொடக்கூடாது என்றுவிட்டார். மூட்டைக்கு உப்பு நிரப்பும் இடத்தில் உட்கார வைத்தார். "மழை வர்றதுக்குள்ள டாக்டர்கிட்ட சரின்னு கேட்டுட்டு வந்தா உன் எடம் உனக்கு. இல்லன்னா அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பார்த்துடுவேன்" என்று சொல்லியிருந்தார்.

அப்போது ஆடி மாதம். புரட்டாசி பிறந்தால் மழைப் பேச்சு வந்துவிடும்.

புதுச்சேரியில் காது மருத்துவர் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை தூக்கத்தைத்தான் கொடுத்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரி. எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று எழுதியிருந்தது. பல வருடம் தலையில் சுமை தூக்கியவர் யாருக்கும் அப்படித்தான் எழுதியிருக்கும். சார் "காட்டுங்க" என்றதும் மல்லிகா உள்ளங்கையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். சுழலவில்லை, இறங்கவில்லை. நகர்ந்தது.

"கழுத்தா இருக்கலாம்" என்றார் சார் என்னிடம்.

கழுத்துதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சுழல் நாற்காலியில் நோயாளியை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். ஒருவர் பின்னால் நின்று தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் நாற்காலியைத் திருப்புவார். தலை அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் திரும்பும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு எந்த அசைவும் தெரியாது. அப்போதும் சுற்றினால் சுற்றுவது கழுத்தால்தான்.

மல்லிகாவுக்குச் சுற்றவில்லை. தசைகளைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தன. இரண்டாவது முறை வந்தபோதும் அப்படியே. மூன்றாவது முறையும் அப்படியே. கூடவே வரும் வசந்தா, அதே வரிசையில் இரண்டாவதாக நடப்பவர், பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார்.

"இவளுக்கு ஆஸ்பத்திரி வாசலப் பார்த்தாலே சரியாயிடுது மேடம். பேசாம இங்கயே ஒரு கட்டிலப் போட்டுக் குடுத்துடுங்க."

மல்லிகா சிரிக்கவில்லை. "நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டார். "அங்க மூட்டை கட்டுற எடத்துல அப்படித்தான் பேசிக்கிறாங்க. ஒக்காந்து சம்பாதிக்கப் பார்க்கிறான்னு."

இல்லை என்றேன். ஆனால் ஊசி போடலாமா என்று சாரிடம் கேட்டபோது அவர் சட்டைக் கையை மடிக்கவே இல்லை. "சாட்சி இல்லாம குத்த மாட்டேன். சரியாயிடுச்சுன்னு சொல்லியும் அனுப்ப மாட்டேன். நாளைக்கு வரப்புல விழுந்தா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் எந்தத் தசையைச் சரியாகத் தொடவில்லை என்று பஸ் கம்பியைப் பிடித்தபடி யோசித்துக்கொண்டு போனேன்.

அந்த வாரக் கடைசியில் இனியாவுக்குக் காய்ச்சல். மூன்று வயது அவளுக்கு. இரண்டு நாளாக விட்டு விட்டு வந்தது. குழந்தை மருத்துவரிடம் போகிற நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தேன். வெந்நீரில் துடைத்தேன், மூக்கைச் சுத்தம் செய்தேன், பவுடர் போட்டு நல்ல கவுன் மாட்டினேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தொட்டுப் பார்த்தார், தெர்மாமீட்டர் வைத்தார்.

"கொழந்தை நல்லாத்தானேம்மா இருக்குது? எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. காய்ச்சலாக இருந்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சாயங்காலம் திரும்ப அனல் அடித்தது. இனியாவின் நெற்றியில் ஈரத்துணி வைத்தபடி உட்கார்ந்திருக்கும்போதுதான் மல்லிகாவின் ஈரத் தலைமுடி என் நினைவுக்கு வந்தது. மூன்று முறையும் தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்த புடவையின் மடிப்போடுதான் அவர் வந்திருந்தார்.

அடுத்த முறை வந்ததும் கேட்டேன்: "காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"இன்னா பண்ணேன். வாசல் தெளிச்சேன். சோறு வடிச்சேன். குளிச்சேன். கிளம்புனேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

வசந்தா குறுக்கே வந்தார். "ஏண்டி, நான் நெட்டி எடுத்துவுட்டத சொல்ல மாட்டியா? என் கை வேல மட்டும் கணக்குல இல்லையா?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "நெட்டியா?"

"கழுத்துக்கு மேடம். தாடையப் புடிச்சி இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. மடக்கு மடக்குன்னு கேட்டுது பாருங்க, தெருவுக்கே கேட்டிருக்கும். கூடை எறக்கினா நாங்க ஒருத்திக்கு ஒருத்தி எடுத்துக்கிறதுதான். இவளுக்கு ஆஸ்பத்திரி வர்ற அன்னிக்கு நல்லாவே எடுத்துவுடுவேன்."

"ஏன், ஆஸ்பத்திரி வர்ற அன்னிக்கு மட்டும்?"

வசந்தா என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீங்க கழுத்தைத் தொட்டுப் பார்ப்பீங்கன்னு தெரியும்ல? முறுக்கிக்கிட்டு இருக்கிற கழுத்தையா கொண்டாந்து காட்டுறது?"

வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் பெருக்கி வைக்கிறோம் இல்லையா, அப்படித்தான். டாக்டர் பார்க்கப் போகிற கழுத்தைச் சரிசெய்து கொண்டு வந்திருக்கிறார்கள். சில மணி நேரத்துக்கு அது தளர்ந்தே இருக்கும். அந்தச் சில மணி நேரத்தில்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

சாரிடம் சொன்னேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு "யா அல்லா" என்றார். வெளியே வந்து வசந்தாவிடம், கழுத்துக்குள் போகும் ரத்தக் குழாயைப் பற்றியும் அப்படித் திருகினால் என்ன ஆகலாம் என்பதைப் பற்றியும் நிதானமாகச் சொன்னார். வசந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தினி வருசமா ஒருத்திக்கும் ஒண்ணும் ஆவல சார்" என்றார்.

"ஆவாம இருந்ததுக்கு அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க. இனிமே வேணாம்."

பிறகு மல்லிகாவிடம் திரும்பினார். "அடுத்த தடவை நெட்டி எடுக்காம வாங்க. வேலையிலேர்ந்து நேரா வரணும். குளிக்காம."

"குளிக்காமயா?" மல்லிகா எழுந்தேவிட்டார். "உப்புத் தண்ணி நாத்தத்தோட நாலு பேரு ஒக்காந்திருக்கிற எடத்துல எப்படி சார் வந்து நிக்கிறது? காலெல்லாம் வெள்ளையா இருக்கும். அதெல்லாம் ஆவாது."

அவர் போய்விட்டார். ஒரு வாரம் வரவில்லை. பஸ் உப்பளத்தைத் தாண்டும் போதெல்லாம் மூட்டை கட்டும் கொட்டகைப் பக்கம் பார்த்தேன். நான் கேட்டிருக்கக்கூடாதோ, மரியாதையாக இருப்பவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. பின்வாசல் வழியாக வரச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அது இன்னும் பெரிய அவமானமாகப் பட்டது. விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் முன்வாசல் வழியாகத்தான் வந்தார். வசந்தா முன்னால், மல்லிகா பின்னால். புடவை முழங்கால்வரை விறைத்துப்போய் வெள்ளை பூத்திருந்தது. தலையில் சும்மாடு வைத்த துணிகூட அப்படியே இருந்தது. மூட்டை கட்டும் இடத்திலும் வெயிலுக்கு அதைச் சுற்றிக்கொள்வாராம். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வழி வுடுங்க, டாக்டரே இப்படித்தான் வரச் சொல்லியிருக்காரு" என்று வசந்தா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "நாங்க இன்னா ஆசப்பட்டா வந்தோம்?"

தரையில் ஈரப் பாதம் பட்ட இடமெல்லாம் காய்ந்து வெள்ளைத் தடம் விழுந்தது. சார் அதைப் பார்த்தார். மின்சாரக் கருவிகள் இருந்த மேசையை மட்டும் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தார்.

நாற்காலியில் உட்கார வைத்தோம். நான் பின்னால் நின்று தலையைப் பிடித்தேன். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசை, இடது பக்கம், கயிறு போல இருந்தது. சார் நாற்காலியைத் திருப்பினார். முதலில் வலப்பக்கம். ஒன்றுமில்லை. பிறகு இடப்பக்கம்.

மல்லிகாவின் கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. "மேடம், வரப்பு நகருது."

தலையையும் உடம்பையும் சேர்த்து ஒன்றாகத் திருப்பிப் பார்த்தோம். அப்போது நகரவில்லை. மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் திருப்பினோம். நகர்ந்தது. பேச்சு, பார்வை, கை கால் பலம் எல்லாவற்றையும் சார் திரும்பவும் சோதித்தார். பிறகு சட்டைக் கைகளை மடிக்க ஆரம்பித்தார். நான் ஊசித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நீங்க போடுங்க" என்றார். "நீங்க கண்டுபிடிச்ச கழுத்து."

அந்தத் தசைக்கு அடியில் கழுத்தின் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது. அதனால் தசையை விரல்களுக்கு இடையில் கவ்வித் தூக்கிக்கொண்டு, குழாயைவிட்டு விலகின திசையில்தான் ஊசி போக வேண்டும். கவ்வினேன். விட்டேன். நாடித் துடிப்பு எங்கே என்று தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கவ்வினேன். திரும்ப விட்டேன். சார் இந்த முறை கேலி செய்யவில்லை. "ஒன்ஸ்மோர் பார்த்துக்கோங்க" என்றார் மெதுவாக.

ஊசி இறங்கியது. விரலுக்கு அடியில் தசை மீன் மாதிரி ஒரு துள்ளு துள்ளியது. மல்லிகாவின் கண்கள் விரிந்தன.

"இதேதான். விழுந்தன்னிக்கு வந்துது பாருங்க, இதேதான் மேடம்." வசந்தா இருந்த பக்கம் கையை நீட்டினார். "ஏய், நான் பொய் சொல்லலடி."

"நான் எப்படி சொன்னேன்? மத்தவளுங்கதான் சொன்னாளுங்க" என்றார் வசந்தா. ஆனால் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சற்று நேரம் கழித்து நாற்காலியில் உட்கார வைத்து மறுபடி திருப்பினோம். இடப்பக்கம் போனபோது மல்லிகா யோசித்தார். "இருக்குது. ஆனா கொஞ்சமா இருக்குது" என்றார். சார் "பாதி" என்று மட்டும் சொன்னார். சரியாகிவிடும் என்ற வார்த்தை அவர் வாயில் வராது.

அதற்குப் பிறகு மல்லிகா சில முறை வந்தார். பின்மண்டைக்குக் கீழே உள்ள சின்னத் தசைகளுக்குச் சார் ஊசி போட்டார். சுவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் மெல்லத் திருப்பும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். அதை வீட்டில் செய்கிறாரா என்று பார்க்கும் பொறுப்பை வசந்தாவிடம் கொடுத்தோம். நெட்டி எடுக்கிற உரிமை போன கோபம் அவருக்கு அதில்தான் தீர்ந்தது. "பொட்டப் பாருடின்னா என்னைப் பார்க்கிறா மேடம்" என்று ஒவ்வொரு முறையும் புகார் சொல்வார். ஒரு நாள் தயங்கிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரி, என் கழுத்துக்கு இனிமே யாரு பார்க்கிறது?" அவருக்கும் கழுத்துப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினேன்.

ஆவணி முடிவதற்குள் நாற்காலிச் சோதனையில் எதுவும் வரவில்லை. குளிக்காமல், வேலையிலிருந்து நேராக வந்து உட்கார்ந்த பல நாளும் தொடர்ந்து சுற்றல் இல்லை. அதன் பிறகுதான் சார் கூடை தூக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் கால் கூடை, பிறகு அரைக் கூடை, பிறகுதான் முழுசு என்று மேஸ்திரிக்கும் போனில் சொன்னார்.

மழைக்கு முன்னால் ஒரு காலையில் பஸ் ஜன்னலிலிருந்து அந்த வரிசையைப் பார்த்தேன். தூரத்தில் முகம் தெரியவில்லை. முதலில் நடந்தவர் மல்லிகாதானா என்று நிச்சயமில்லை. கிளினிக் போனதும் போன் செய்தேன். கூடையை இறக்கிவிட்டு எடுத்தார் போல, மூச்சு வாங்கியது.

"முன்னாடி நடந்தது நீங்கதானே?"

"நான்தான் மேடம். ஏன்?"

"தலை..." என்று ஆரம்பித்தேன். சார் முறைத்தார். மாற்றிக் கேட்டேன்: "எப்படி இருக்குது?"

"வரப்பு வரப்பாவே இருக்குது மேடம்" என்றார்.

அவ்வளவுதான், திவ்யா. அந்த அம்மாவிடம் கிளினிக்குக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்துவிட்டு வருகிறார் என்று கேள். கண்ணாடிக் கருவியைக் குறை சொல்லவில்லை. அது அந்த நேரத்துக் கண்ணைத்தான் பார்க்கும். காலையில் நடந்தது அதற்குத் தெரியாது.

வேலையை விட்டது சரிதானா என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன். பல நாள் யோசிக்க நேரம் இருக்காது. போன வாரம் சின்னவனுக்குச் சளி. மூக்கு ஒழுகிக்கொண்டு, கன்னத்தில் காய்ந்துபோன தடத்தோடு, கலைந்த தலையோடு அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் வாசலில் நிறுத்தினார்.

"இப்படியேவா கூட்டிட்டுப் போற? டாக்டர் இன்னா நெனைப்பாரு? மூக்கையாவது தொடச்சி விடும்மா."

"இப்படியேதான் அத்தை காட்டணும்" என்றேன்.

காத்திருந்த இடத்தில் எல்லாரும் என்னைத்தான் பார்த்த மாதிரி இருந்தது. கைப்பையில் துவைத்து மடித்த கைக்குட்டை இருந்தது. டாக்டர் அவனைப் பார்த்து முடிக்கும்வரை அதை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது, அந்தத் தசையைக் கவ்விப் பிடித்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.